மிடில் எர்த் வினாடி வினா: புதுச்சேரியில் முதல்முறை நடத்துவோருக்கான செய்முறை

'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல்களை எழுதிய டோல்கீனின் மிடில் எர்த் உலகத்தில் ஊறிப்போனவர்கள் பன்னிரண்டு பேர் கிடைத்தால் போதும், ஒரு மாலை முழுக்க அருமையான வினாடி வினா நடத்திவிடலாம். அணிக்கு 3 பேர், மொத்தம் 4 அணி. அதற்கு மேல் அணிகளைச் சேர்த்தால், அடுத்த முறை வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். 32 கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விக்குச் சராசரி 2 நிமிடம். இடைவேளை, மதிப்பெண் கூட்டல் எல்லாம் சேர்த்து 80 நிமிடத்தில் முடியும்.

படி 1: புத்தகமா, படமா?

இதை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் காயம்பட்ட நாயகன் ஃப்ரோடோவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்டால், படம் மட்டும் பார்த்தவர் ஆர்வென் என்பார். புத்தகத்தில் ஆர்வென் அந்த இடத்திலேயே இல்லை. ஃப்ரோடோ ஏறிச் செல்வது குளோர்ஃபின்டெலின் குதிரை. இரண்டு பதிலும் அவரவர் அளவில் சரி, கேள்விதான் தப்பு.

'தி ஹாபிட்' பற்றிக் கேட்பதானால் பதிப்பையும் பாருங்கள். 1937இல் வந்த முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியின் பரிசாகவே கோல்லம் தன் மோதிரத்தை நாயகன் பில்போவுக்குத் தருவதாகச் சொல்கிறான். 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். இப்போது கடையில் கிடைப்பது மாற்றியதுதான்.

படி 2: கேள்வி எழுதுதல்

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

நல்ல கேள்வி எது என்பதற்கு அந்த விடுகதை அத்தியாயமே பாடம். பில்போ கடைசியில் "என் சட்டைப்பையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறான். அது விடுகதையே இல்லை, யோசித்துக் கண்டுபிடிக்க அதில் ஒரு துப்பும் கிடையாது. கோல்லம் அநியாயம் என்று கத்தி, மூன்று முறை ஊகிக்க அனுமதி கேட்கிறான், அப்படியும் தோற்கிறான். கோல்லத்தின் கோபம் நியாயமானது. உங்கள் கேள்வித்தாளில் சட்டைப்பைக் கேள்வி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. "பில்போவின் விருந்தில் சிறப்புப் பந்தியில் எத்தனை பேர்?" என்பது வெறும் மனப்பாடக் கேள்வி. இதையே திருப்பிப் போடுங்கள்: "வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் பிறந்த இருவருக்குப் பிறந்தநாள் விருந்து. இருவரின் வயதையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையில், அதாவது 144 பேரை, சிறப்புப் பந்திக்கு அழைக்கிறார்கள். இளையவருக்கு அன்று 33. மூத்தவருக்கு எத்தனை?" விடை 111. புத்தகத்தை ஐந்து வருடம் முன்பு படித்தவர்கூடக் கணக்குப் போட்டுப் பிடித்துவிடுவார், பிடித்ததும் முகம் மலரும்.

தமிழில் கேட்கும்போது வேறொரு சிக்கலும் வரும். மோரியா சுரங்கத்தின் வாசலில் பொறித்திருக்கும் வரியை மந்திரவாதி கேண்டால்ஃப் முதலில் தவறாகப் புரிந்துகொள்கிறார். கதவைத் திறக்கும் சொல் எது என்ற கேள்விக்கு அந்தக் குழப்பம்தான் உயிர். "'நண்பா' என்று சொல், உள்ளே வா" என்று மொழிபெயர்த்தால் விடையை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். "நண்பா சொல் உள்ளே வா" என்று குறியீடு எதுவும் இல்லாமல் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். வாசிக்கும்போதும் எங்கும் நிறுத்தாதீர்கள். விடை: மெல்லான், எல்ஃப் மொழியில் நண்பன்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். வில்லன் சாரானும் மந்திரவாதி சாருமானும் வெளியிடத்தில் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும். அந்த இரண்டு பெயரும் வரும் கேள்வியைக் கட்டாயம் எழுதியும் காட்டுங்கள். பதிலில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், யாரைச் சொல்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு 8 கேள்விக்கும் 3 எளிது, 4 நடுத்தரம், 1 கடினம். போட்டியில் கலந்துகொள்ளாத இருவரிடம் முன்கூட்டிக் கேட்டுப் பாருங்கள். எட்டில் நான்குகூட அவர்களுக்கு வரவில்லை என்றால் குறை உங்கள் தாளில்தான், எளிதாக்குங்கள். ஒவ்வொரு விடைக்கும் அருகில் புத்தகம், அத்தியாயம் இரண்டையும் குறித்துவையுங்கள். கூடுதலாக 4 கேள்விகள் கையிருப்பில் இருக்கட்டும்.

படி 3: இடமும் நாளும்

கடற்கரைச் சாலை எல்லோருக்கும் முதலில் தோன்றும். மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள், வெயிலும் நகரத்துப் பக்கம் சாய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் பாறையில் அலை மோதும் சத்தத்தில் கடைசி அணிக்குக் கேள்வி கேட்காது; கடற்காற்று விடைச்சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல்முறை நடத்துகிறவர்களுக்குப் பாரதி பூங்காதான் நல்லது. ஆயி மண்டபத்தைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், அதைத் தாண்டி மரநிழலில் வட்டமாக உட்காருங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். கடலூரிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் இருந்தால் நாலரைக்கே தொடங்கிவிடுங்கள், திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

செப்டம்பர் 22 பில்போ, ஃப்ரோடோ இருவருக்கும் பிறந்தநாள். மார்ச் 25 மோதிரம் அழிந்த நாள். இரண்டுமே பொருத்தம்தான், ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளிப் பிள்ளைகளை எதிர்பார்க்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அப்போது யார் வீட்டுக் கூடமாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பொருள்கள்

அணிக்கு ஒன்றாகக் கிளிப் வைத்த பரீட்சை அட்டை 4, பேனா 8, செல்போனில் ஸ்டாப்வாட்ச், மதிப்பெண் எழுத ஒரு சார்ட். ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் 4 சீட்டு. அணிக்கு 8 தாள் என்றால் 32 கேள்விக்கும் சரியாக வரும். சில தாள்கள் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

படி 5: நடத்துதல்

வினாடி வினா வட்டத்தில் பௌன்ஸ் என்று இரண்டு முறைகள் உண்டு: பாய்ந்து பதில் எழுதுவது ஒன்று (pounce), கேள்வி அடுத்த அணிக்குத் தாவுவது மற்றொன்று (bounce). தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும், புதியவர்கள் குழம்புவார்கள். 'எழுத்து', 'சுற்று' என்றே அறிவியுங்கள்.

கேள்வியை இரண்டு முறை படியுங்கள். 30 நொடி எழுத்து நேரம். நம்பிக்கை உள்ள அணி மட்டும் சீட்டில் எழுதித் தரலாம்: சரி என்றால் 10, தவறு என்றால் கழித்தல் 5. இந்தக் கழித்தல் இல்லாவிட்டால் எல்லா அணியும் எல்லாக் கேள்விக்கும் எழுதும், சுற்றுக்கு வேலையே இருக்காது. சீட்டுகளை வாங்கி மடித்து வைத்த பிறகே சுற்று தொடங்க வேண்டும். எழுதாத அணிகளிடம் வரிசையாகக் கேளுங்கள், அணிக்கு 10 நொடி. சரிக்கு 10, தவறுக்குக் கழித்தல் இல்லை. சுற்று முடியும்வரை சீட்டில் இருப்பது சரியா தவறா என்று முகத்தில்கூடக் காட்டாதீர்கள்.

சுற்றில் சரியாகச் சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். சுற்றில் யாருமே சொல்லவில்லை என்றால், முந்தைய கேள்வியை முதலில் பெற்ற அணிக்கு அடுத்த அணியிடம். 16 கேள்வி முடிந்ததும் திசையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால், பலமான அணிக்கு அடுத்து இருப்பவர்களுக்கு எப்போதும் முதல் வாய்ப்பு, அதற்கு முன்னால் இருப்பவர்களுக்கு எச்சம்தான்.

விடையில் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்ல, புத்தகத்துடன் ஒருவர் தனியாக உட்காரட்டும். ஒரு நிமிடத்தில் தீரவில்லை என்றால் கேள்வியை ரத்து செய்து, கையிருப்பிலிருந்து எடுங்கள்.

படி 6: சமநிலை வந்தால்

எண்ணில் விடை வரும் கேள்வி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். நெருங்கி வந்தவருக்கு வெற்றி. இதோ ஒன்று: டிசம்பர் 25 அன்று ஃப்ரோடோவும் தோழர்களும் ரிவென்டெல்லிலிருந்து புறப்பட்டார்கள், மார்ச் 25 அன்று மோதிரம் அழிந்தது. இடையில் எத்தனை நாள்? நம் நாட்காட்டிப்படி எண்ணினால் 90 வரும். ஹாபிட்டுகளின் நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள், டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே எந்த மாதத்திலும் சேராத யூல் நாள்கள் 2. ஆகவே விடை 92.