மிகைப்பசியை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராடர்-வில்லி, பார்டெட்-பீடில் போன்ற அரிய மரபணு நோய்க்குறிகளோடு வாழும் பெரியவர்களின் தீராத பசியை (மிகைப்பசியை) மதிப்பிடப் புதிதாக வரும் மருத்துவர்கள், ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். எடையைக் குறிக்க மறப்பது போன்ற வெளிப்படையான பிழைகளை இங்கே பேசப்போவதில்லை.

எடையை வைத்துப் பசியை ஊகிப்பது

கூடாது. கடுமையான கண்காணிப்பில் இருப்பவர் மெலிந்திருந்தாலும் ஓயாமல் பசித்திருக்கலாம்.

பூட்டிய சமையலறையின் மதிப்பெண்ணை நம்புவது

மிகுந்த சேதத்தை உண்டாக்கும் தவறு இதுவே. பிராடர்-வில்லி ஆய்வுகளில் பயன்படும் வினாப்பட்டியலில் 9 கேள்விகள் உள்ளன. பராமரிப்பவர் கடந்த இரண்டு வாரங்களை நினைத்து விடையளிப்பார். மதிப்பெண் 0 முதல் 36 வரை அமையும். உணவைத் திருடுவது, குப்பைத்தொட்டியில் தேடுவது, இரவில் எழுந்து உணவு தேடுவது போன்ற நடத்தைகளையே அது பெரும்பாலும் கேட்கிறது. வாய்ப்பே இல்லாத வீட்டில் இவை நிகழ்வதில்லை.

இருபதுகளில் இருந்த ஓர் இளைஞரின் தாய், குளிர்பதனப் பெட்டிக்கும் சமையலறைக்கும் பூட்டுப் போட்டு, மகன் கையில் காசு புழங்காமல் பல ஆண்டுகள் காத்துவந்தார். மதிப்பெண் மிகக் குறைவாக வந்ததைக் கண்ட இளம் மருத்துவர் ஒருவர், பசி கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதி, வயதுவந்தவரின் சுதந்திரத்தைக் கருதிப் பூட்டுகளைத் தளர்த்தச் சொன்னார். சில மாதங்களில் அந்த இளைஞர் அக்கம்பக்கத்து வீடுகளில் உணவு எடுக்கத் தொடங்கினார். குறைத்திருந்த எடை முழுவதும் திரும்பியது. தாயோ தன் வளர்ப்பையே குறை சொல்லிக்கொண்டார். அவருடைய உழைப்பின் விளைவை நோயின் தணிவாக எழுதிவிட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே சூழலையும் எழுதுங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது, கையில் பணம் உண்டா, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறார், இன்றிரவு கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று வீட்டார் கருதுகிறார்கள். மருந்து தொடங்கும்போது இது இன்னும் முக்கியம். பிராடர்-வில்லி மிகைப்பசிக்கென டையசாக்சைடு கோலின் 2025இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அத்தகைய மருந்தைத் தொடங்கிய மாதத்திலேயே வீட்டில் பூட்டும் கூடியிருந்தால், மதிப்பெண் எதனால் குறைந்தது என்பதை எவராலும் பிரித்தறிய முடியாது.

எல்லோரிடமும் ஒரே வழியில் கேட்பது

லெப்டின் ஏற்பிக் குறைபாடு (வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் இயக்குநீரை உடல் உணராத மரபணு நோய்) உள்ள பெரியவர், கடந்த 24 மணி நேரத்தில் தாம் உணர்ந்த உச்சப் பசியை 0 முதல் 10 வரையிலான அளவில் தாமே சொல்ல முடியும். பசியைக் குறைக்கும் செட்மெலனோடைட் மருந்தின் ஆய்வுகளில் அவ்வாறே கேட்டார்கள். பிராடர்-வில்லி உள்ளவர்களில் பலர் உண்டதை மறைக்கவோ, கேட்பவர் விரும்பும் விடையைச் சொல்லவோ கூடும் என்பதால், அவர்களையும் கேட்டு, உடன் வாழ்பவரையும் தனியே கேட்க வேண்டும்.

திடீரெனப் பசி குறைந்தால் மகிழ்வது

பிராடர்-வில்லியில் வலியுணர்வு மங்கியிருக்கும், வாந்தியும் அரிது. நிறைய உண்டபின் வயிறு உப்பி, உணவை மறுத்து, வாந்தியும் எடுத்தால், இரைப்பை கிழியும் அபாயத்தைக் கருதி உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.