நோக்கத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன்

உங்கள் நிறுவனத்தின் குறிக்கோள், தொலைநோக்கு, விழுமியம் மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்து எழுதாதீர்கள். குறிக்கோள் என்பது இன்று யாருக்காக என்ன செய்கிறோம் என்பது, ஒரு வரி போதும். தொலைநோக்கு என்றால் போய்ச் சேர வேண்டிய இடம்; 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதனை இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார், இடமும் கெடுவும் அதிலேயே இருக்கின்றன பாருங்கள்.

விழுமியம், அதாவது எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது, அதுதான் சிக்கல். கணக்கு மோசடி அம்பலமாகி 2001இல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான்கூட மரியாதை, நேர்மை என்றெல்லாம் அழகாக எழுதித்தான் வைத்திருந்தது. அதனால் 'நேர்மை' என்று எழுதினால், அதற்காக எதை இழக்கத் தயார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: 'சரக்கில் குறை தெரிந்தால், ஆர்டர் கைவிட்டுப் போனாலும் வாடிக்கையாளரிடம் முதலில் சொல்வோம்' என்கிற மாதிரி. நான்கைந்துக்கு மேல் வேண்டாம், யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம், எழுதியதை மேலாளர்கள் அறைக்குள்ளேயே முடித்துவிடாமல், வாடிக்கையாளரிடம் நேரில் திட்டு வாங்குகிறவரிடம் காட்டி, 'போன வாரம் நடந்ததற்கு இது பொருந்துமா?' என்று கேளுங்கள்; அவர் சிரித்தால் திருத்துங்கள். சரி, எழுதியாச்சா? ஆள் எடுக்கும்போதும் பதவி உயர்வு கொடுக்கும்போதும் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். விற்பனையில் முதலிடம், ஆனால் கீழே இருப்பவர்களை மிதிக்கிறவர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை அந்த மாதமே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.