இணையத்தில் வேலைக்கு விண்ணப்பித்தல்: ரெஸ்யூம் கோப்பும் தலைப்பெழுத்துச் சிக்கலும்

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, 2023ஆம் ஆண்டின் நடுவில் வேறு வேலை தேட வேண்டிய நிலை வந்தது. முதல் நான்கு மாதங்களில் 160க்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தேன். வந்த அழைப்புகள் மூன்று. ஐந்தாவது மாதத்தில் முறையை மாற்றிக்கொண்டு 22 இடங்களுக்கு மட்டும் அனுப்பியதில் ஏழு அழைப்புகள் வந்தன. இப்போது நான் பார்க்கும் வேலை அந்த ஏழில் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் என் படிப்போ அனுபவமோ கூடிவிடவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிய விதம்தான் மாறியது. அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். மின்னஞ்சல் கணக்கு தொடங்குவது, வேலைவாய்ப்புத் தளங்களில் பதிவு செய்வது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: கோப்பை மென்பொருளின் கண்ணால் பாருங்கள்

பெரிய நிறுவனங்களிலும் நடுத்தர நிறுவனங்கள் பலவற்றிலும் நீங்கள் அனுப்பும் ரெஸ்யூமை முதலில் திறப்பது, விண்ணப்பங்களைக் கையாள்வதற்கென்றே உள்ள ஒரு மென்பொருள். அது கோப்பிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், கைப்பேசி எண், படிப்பு, முன்பு பார்த்த வேலைகள் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொள்கிறது. கணக்கு வேலைக்கு ஆள் தேடும் மனிதவளப் பிரிவினர் 'டேலி' (கணக்கு எழுதும் மென்பொருள்), 'டிடிஎஸ்' (மூலத்தில் பிடிக்கும் வரி) என்று தேடும்போது அந்தக் கட்டங்களில் உள்ளவைதான் அவர்கள் கண்ணுக்கு வரும். கோப்பு பார்க்க அழகாக இருந்தும் எழுத்துகள் சரியாகப் பிரியாவிட்டால், உங்களிடம் உள்ள தகுதி அங்கே இல்லாததாகிவிடுகிறது.

என் பழைய ரெஸ்யூம் இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, இடப்பக்கம் நீலப் பட்டையும், திறன்களைக் காட்ட நிரப்பப்பட்ட வட்டங்களும் கொண்டதாக இருந்தது. ஒருநாள் அந்தப் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் மாறி மாறிக் கலந்து, 'பி.காம். டேலி பிரைம் 2017 வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு சிங்காநல்லூர்' என்று ஒரே வரியாக வந்து விழுந்தது. வட்டங்களில் நான் காட்டியிருந்த திறன் அளவுகள் சுவடே இல்லாமல் மறைந்திருந்தன. கைப்பேசி எண்ணைச் சிறு படக்குறியோடு சேர்த்துப் படமாக வைத்திருந்ததால் அந்த எண்ணும் வரவில்லை. நான்கு மாதங்களாக என்னை அழைப்பதற்கான எண்ணே சரியாகப் போய்ச் சேராத ஒரு கோப்பைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இந்த நோட்பேட் சோதனையை நீங்களும் இன்றே செய்து பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒட்டிய எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படிக்கும்போது பொருள் குழம்பாமல் வந்தால் கோப்பு நல்ல கோப்பு. வராவிட்டால் ஒரே பத்தியாக, அட்டவணையோ படமோ இல்லாமல், பெயரையும் எண்ணையும் பக்கத்தின் தலைப்புப் பகுதிக்குள் வைக்காமல் முதல் வரிகளிலேயே எழுதி, புதிதாகத் தயாரியுங்கள். நான் கூகுள் டாக்ஸைத்தான் பரிந்துரைப்பேன். லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் நன்றாகவே வேலை செய்கிறது. வண்ண வண்ண வார்ப்புருக்கள் தரும் வடிவமைப்புத் தளங்களைக் கணக்கு, நிர்வாகம் போன்ற வேலைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்செடுத்த ரெஸ்யூமைக் கைப்பேசியில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பவே வேண்டாம். அதில் மென்பொருள் படிப்பதற்கு எழுத்து என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது.

படி 2: உங்கள் பெயரை ஒரே விதமாக எழுதுங்கள்

நான் மிக அதிகமாகத் தடுமாறிய இடம் இதுதான். தமிழர்களாகிய நமக்கு இது சற்றுக் கூடுதலான தொல்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கார்த்திகேயன் என்பவரின் தந்தை பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அவர் 'கார்த்திகேயன் சு'. ஆதாரில் 'சு கார்த்திகேயன்' என்று இருக்கலாம். பான் எண்ணுக்கான விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தைச் சுருக்கமாக எழுத இயலாது, விரித்தே எழுத வேண்டும் என்பதால், அங்கே அவர் 'கார்த்திகேயன் சுப்பிரமணியன்'. இப்போது விண்ணப்பப் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் கட்டாயம் நிரப்பச் சொல்கிறது. கடைசிப்பெயரில் ஒற்றை எழுத்தை இட்டால் சில படிவங்கள் ஏற்பதில்லை. உடனே நாம் அன்றைக்குத் தோன்றியதை எழுதிவிடுகிறோம்: ஓரிடத்தில் தலைப்பெழுத்தை முதற்பெயராக்குகிறோம், இன்னோரிடத்தில் தன் பெயரையே இருமுறை எழுதுகிறோம், மற்றோரிடத்தில் ஊர்ப்பெயரைச் சேர்க்கிறோம். வொர்க்டே போன்ற மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குத் திறக்க வேண்டியிருப்பதால், ஒரே ஆள் நான்கைந்து பெயர்களில் உலவத் தொடங்கிவிடுகிறார்.

இதனால் வரும் கேடு விண்ணப்பிக்கும் நாளில் தெரியாது. எனக்கு ஒரு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்து, பணி ஆணையும் கையில் வந்தபின், பின்னணிச் சரிபார்ப்பில் பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவைத்தார்கள். நான் படிவத்தில் இட்ட பெயர் ஒன்று, பட்டச் சான்றிதழில் உள்ளது ஒன்று, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ளது ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து அனுப்பினேன். அதற்குள் பதினெட்டு நாட்கள் கடந்துவிட்டன. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, ஒரு முடிவெடுத்து அதிலேயே நில்லுங்கள். கடவுச்சீட்டு இருப்பவர்கள் அதிலுள்ளபடியும், இல்லாதவர்கள் பானில் உள்ளபடியும் எழுதுவதே சரி என்பது என் கருத்து. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் முதற்பெயர் கார்த்திகேயன், கடைசிப்பெயர் சுப்பிரமணியன். ரெஸ்யூமிலும், நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களிலும், ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் எழுத்துக்கூட்டல் உட்பட இதே பெயர்தான் இருக்க வேண்டும். ரெஸ்யூமின் கடைசி வரியில் 'கல்விச் சான்றிதழ்களில் பெயர்: கார்த்திகேயன் சு' என்று குறித்துவிடுங்கள். சில மடல்கள் 'அன்புள்ள சுப்பிரமணியன்' என்று உங்கள் அப்பாவை விளித்து வரும். அதைத் திருத்த முயலாமல், பதில் மடலின் இறுதியில் உங்கள் முழுப்பெயரை இடுங்கள், போதும். வேலை தேடத் தொடங்கும்போதே வைப்பு நிதிக் கணக்கிலுள்ள பெயர் ஆதாரோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பணி ஆணை வந்தபின் அந்தத் திருத்தத்துக்கு அலைய நேரம் இருக்காது.

படி 3: எங்கே விண்ணப்பிப்பது

கணக்கு வேலைகளுக்கு எனக்கு அதிகம் பயன்பட்டது நௌக்ரி. அங்கே வேலை தருபவர்கள், அண்மையில் தளத்துக்கு வந்துபோனவர்களை மட்டும் பிரித்துப் பார்க்க முடியும். ஆகையால் விண்ணப்பிக்காத வாரத்திலும் ஒருமுறை உள்ளே போய், ஏதேனும் ஒரு வரியையாவது புதுப்பித்துவிட்டு வாருங்கள். இப்போதைய வேலையை விட எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற முன்னறிவிப்புக் காலத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதைப் பணியமர்த்துவோர் மட்டும் அறியும்படி அமைத்துக்கொள்ளலாம். இப்போதைய முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்பவர்களுக்கு அது உதவும், ஆனால் முழு மறைவு என்று நம்பிவிடக் கூடாது.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தனியார்த்துறை வேலை இணையத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் இதுவும் ஒன்று என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பதிவு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய, வேறான ஒன்று. இதில் தனியாகத்தான் பதிய வேண்டும். விளம்பரத்தை எந்தத் தளத்தில் கண்டாலும், அந்த நிறுவனத்துக்குச் சொந்தத் தளம் இருந்தால் அங்கேயே போய் விண்ணப்பிப்பதை நான் விரும்புகிறேன்.

படி 4: விளம்பரத்துக்கு ஏற்ப ரெஸ்யூமைத் திருத்துங்கள்

ஒரே சொடுக்கில் அனுப்பும் வசதிதான் என் நான்கு மாதங்களைத் தின்றது. இப்போது யார் கேட்டாலும் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். விளம்பரத்தை இரண்டு முறை படித்து, அவர்கள் கேட்கும் வேலைகளில் நீங்கள் உண்மையாகவே செய்தவற்றை அவர்கள் பயன்படுத்திய சொற்களிலேயே எழுதுங்கள். என் பழைய ரெஸ்யூமில் 'ஜிஎஸ்டி வேலைகளைக் கவனித்தேன்' என்று ஒரு வரி இருந்தது. அதை இப்படி மாற்றினேன்: 'மாதம் ஏறத்தாழ 400 கொள்முதல் பில்களை டேலி பிரைமில் பதிந்து, 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர் 2பி-யுடன் ஒப்பிட்டு, விடுபட்டவற்றை விற்பனையாளர்களிடம் கேட்டுப் பெற்று, 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்தேன்.' (2பி என்பது விற்பனையாளர்கள் தாக்கல் செய்ததிலிருந்து நமக்கு வரும் கொள்முதல் வரிப் பட்டியல்; 3பி என்பது நாம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்கு.) செய்த வேலை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வரியைப் படிக்கும் கணக்கு மேலாளர், இவர் இந்த வேலையைக் கையால் செய்தவர் என்று உடனே கண்டுகொள்வார். செய்யாத வேலையை எழுதாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

விண்ணப்பித்தவுடன் விளம்பரம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது அந்த விளம்பரம் தளத்தில் இருக்காது. கூகுள் ஷீட்ஸில் தேதி, நிறுவனம், பதவி, எந்த ரெஸ்யூம் என்ற நான்கு பத்திகளைக் கொண்ட ஒரு தாள் எனக்குப் போதுமானதாக இருந்தது.

படி 5: சம்பளக் கட்டம்

படிவம் கேட்பது பெரும்பாலும் சிடிசி எனப்படும், நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. என் கையில் மாதம் 24,000 ரூபாய் வந்ததால் 2.88 லட்சம் என்றே எழுதிவந்தேன். அடிப்படைச் சம்பளம் 15,000 என்பதால், என்னிடம் பிடித்த வைப்பு நிதி 1,800, நிறுவனம் செலுத்திய பங்கு 1,800, பணிக்கொடைக்கு 4.81 விழுக்காடாகச் சுமார் 721 என்று கூட்டினால் மாதம் 28,321 ஆகிறது. தொழில் வரி போன்ற சிறு பிடித்தங்களை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.4 லட்சம். புதிய சம்பளத்தை, பழையதன்மேல் இத்தனை விழுக்காடு என்றுதான் பல இடங்களில் பேசுகிறார்கள். 52,000 ரூபாய் குறைவான தொகையிலிருந்து அந்தப் பேச்சை நானே தொடங்கி வைத்திருந்தேன். கட்டம் லட்சத்தில் கேட்கிறதா ரூபாயில் கேட்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

படி 6: பணம் கேட்டால் நிறுத்திவிடுங்கள்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். விண்ணப்பிக்கும் கட்டத்தில் ஆதார் நகலை அனுப்ப வேண்டியதில்லை. கட்டாயம் என்றால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி அனுப்புங்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவர், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும்.

பிற்சேர்க்கை

இதை முதலில் எழுதியபின் படித்தவர்கள் கேட்டவற்றில் இரண்டைச் சேர்க்கிறேன்.

திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்கள் சிலர், எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது என்று கேட்டிருந்தார்கள். இதை நான் எண்ணிப் பார்க்காமல் விட்டது என் பிழை. ஆதாரும் பானும் இரண்டுமே கணவர் பெயருக்கு மாறியிருந்தால் அந்தப் பெயரிலும், ஒன்றாவது மாறாமல் இருந்தால் அதையும் மாற்றும் வரை தந்தை பெயரிலும் விண்ணப்பியுங்கள். திருமணப் பதிவுச் சான்றை பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொண்டால், கல்விச் சான்றிதழ்ப் பெயருக்கும் இப்போதைய பெயருக்கும் உள்ள தொடர்பைச் சரிபார்ப்பின்போது அதைக் கொண்டே காட்டலாம்.

துபாயில் நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட ஒருவர், தன் கடவுச்சீட்டில் கடைசிப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பதாகத் தெரிவித்திருந்தார். 2022ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்கள், ரெஸ்யூமில் கை வைக்கும் முன் கடவுச்சீட்டை எடுத்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் தலைப்பெழுத்தை விரித்துக் கடைசிப்பெயராகச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதே பெயரோடு மற்ற படிகளைத் தொடங்குங்கள்.