நடுநிலையான பொருளை மின்புலம் எப்படி இழுக்கிறது: வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்துக் காட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் "சீப்பில் மின்னூட்டம் இருக்கிறது, சரி, காகிதத்தில் ஒன்றும் இல்லையே, அது ஏன் ஓடி வருகிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அது பாதிப் பதில்தான். காகிதத்தில் நேரும் எதிரும் சரிசமமாக இருக்கின்றன, சீப்பு ஒன்றை இழுக்கும்போது இன்னொன்றைத் தள்ளுகிறது, அப்படிப் பார்த்தால் கணக்கு சுழியமாக வேண்டும். ஏன் ஆகவில்லை என்பதைச் சோதனை செய்தே காட்டலாம். பெரிய செலவு இல்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்

ஓர் அணுவில் நடுவே நேர் மின்னூட்டமுள்ள அணுக்கரு, அதைச் சுற்றி எதிர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான் முகில். வெளியே மின்புலம் (ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி அதன் விசை உணரப்படும் நிலை) இல்லாதபோது முகிலின் மையமும் அணுக்கருவும் ஒரே இடத்தில் இருக்கும். மின்புலம் வந்ததும் அணுக்கரு புலத்தின் திசையிலும் முகில் அதற்கு எதிர்த்திசையிலும் கொஞ்சம் விலகுகின்றன. அணுவை விட்டு எதுவும் வெளியே போவதில்லை, மொத்த மின்னூட்டம் அப்போதும் சுழியம்தான், ஆனால் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று அது ஒரு குட்டி மின் இருமுனையாகிவிடுகிறது. இதுதான் மின்முனைவாக்கம்.

எவ்வளவு விலகுகிறது? இதை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பாடப்புத்தகப் படங்களில் அணுவை முட்டை மாதிரி நீட்டி வரைந்து வரைந்து, அது ஏதோ பெரிய மாற்றம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஹைட்ரஜன் அணுவின் முனைவாகுதிறன், அதாவது புலத்துக்கு அது எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கிறது என்பதன் அளவு, எஸ்ஐ அலகில் 7.4 × 10⁻⁴¹. காற்று பொறி அடிக்காமல் தாங்கக்கூடிய மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட், அதாவது 3 × 10⁶. இரண்டையும் பெருக்கினால் இருமுனைத் திருப்புத்திறன் (மின்னூட்டத்தை அது விலகிய தூரத்தால் பெருக்கிய அளவு), சுமார் 2.2 × 10⁻³⁴ கூலும் மீட்டர். அதை எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால் விலகிய தூரம் கிடைக்கும்: 1.4 × 10⁻¹⁵ மீட்டர். புரோட்டானின் விட்டமே சுமார் 1.7 × 10⁻¹⁵ மீட்டர்! காற்றே கிழிந்துபோகிற அளவு புலத்தில்கூட எலக்ட்ரான் முகில் ஒரு புரோட்டானின் அகலம்கூட நகரவில்லை. அணுவின் ஆரத்தோடு ஒப்பிட்டால் 38 ஆயிரத்தில் ஒரு பங்கு. எனக்கு இந்தக் கணக்கு எப்போது போட்டாலும் வியப்புதான். இவ்வளவு நுண்ணிய விலகல் எப்படிக் காகிதத்தைத் தூக்குகிறது என்றால், ஒரு கிராம் காகிதத்தில் சுமார் 3 × 10²³ எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அத்தனையும் ஒரே திசையில் விலகுகின்றன.

எல்லா அணுவும் ஒரே மாதிரி வளைந்துகொடுக்காது. ஹீலியம் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் அதன் முனைவாகுதிறன் ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். சீசியத்தின் வெளி எலக்ட்ரான் தளர்வாக இருப்பதால் ஹைட்ரஜனைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு.

தேவையான பொருட்கள்

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பிவிசி பைப் அரை மீட்டர், கம்பளித் துணி, ஒரு கண்ணாடி பாட்டில், பழைய பட்டுத் துணி (ஜரிகை இல்லாத பகுதியாகப் பார்த்து வெட்டுங்கள், ஜரிகையில் உலோகம் இருந்தால் சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியாகவே கைக்குப் போய்விடும்), 30 செ.மீ. மர ஸ்கேல், பியூஸ் போன குண்டு பல்பு, தெர்மகோல் மணிகள், அலுமினியத் தாள், மெல்லிய காகிதம். கடைசிச் சோதனைக்கு மட்டும் மின்தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்ற அளவு) அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரும் 400 கேஜ் பாலித்தீன் ஷீட்டும்.

நம் ஊரில் இந்தச் சோதனைகள் தோற்றுப்போவதற்கு முதல் காரணம் காற்றின் ஈரம். மழை நாளிலும் கடற்கரை ஊர்களிலும் பொருட்களின் மேல் ஈரப்படலம் படிந்து, தேய்க்கத் தேய்க்க மின்னூட்டம் வழிந்துபோகும். ஏசி ஓடும் அறையில் செய்யுங்கள், இல்லையென்றால் பைப், பாட்டில், துணி எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துச் செய்யுங்கள். கண்ணாடி ரொம்ப மோசம், அதைக் காயவைக்காமல் தொடவே வேண்டாம்.

சோதனை 1: இரண்டு குறிகளும் இழுக்கட்டும்

பிவிசி பைப்பைக் கம்பளியால் தேய்த்தால் அது எதிர் மின்னூட்டம் பெறும். கண்ணாடியைப் பட்டால் தேய்த்தால் நேர் மின்னூட்டம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதத் துண்டுகளின் மேல் கொண்டுபோங்கள். இரண்டும் இழுக்கும். எல்லாரும் பெரும்பாலும் சீப்போடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் "காகிதம் நேர் மின்னூட்டம் கொண்டது போல" என்று பிள்ளைகள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் நிலையான மின்னூட்டம் இருந்தால் ஏதாவது ஒன்று அதைத் தள்ளியிருக்க வேண்டும். முனைவாக்கத்தில் அப்படி இல்லை, எது வந்தாலும் அதற்கு எதிர்க்குறியான பக்கம் அருகில் வரும்படி அணுக்கள் விலகிக்கொள்கின்றன.

பைப்பை மெதுவாக, மேலிருந்து, அவசரப்படாமல் இறக்குங்கள். காகிதம் குதிப்பதற்குச் சற்று முன்னால் தட்டையாகக் கிடந்த துண்டின் ஒரு முனை எழும், பிறகு துண்டு முழுக்கச் செங்குத்தாக நின்று நடுங்கும், அப்புறம்தான் தாவும். அந்த நிற்கும் கணத்தைக் கட்டாயம் காட்டுங்கள். இருமுனை மின்புலத்தின் திசையில் திரும்பி நிற்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் எளிய இடம் அதுதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். முனைவாக்கம் நடந்தது, சரி, ஆனால் அருகில் உள்ள பக்கத்தை இழுக்கும் அளவு தொலைவில் உள்ள பக்கத்தைத் தள்ளவும் வேண்டுமே? தள்ளுகிறது, ஆனால் கொஞ்சம் குறைவாக. 0.1 மி.மீ. தடிமனுள்ள காகிதம் ஒரு மின்னூட்டப் புள்ளியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் கிடக்கிறது என்று வையுங்கள். மேல் பக்கம் 1 செ.மீ., கீழ்ப் பக்கம் 1.01 செ.மீ. மின்புலம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் கீழ்ப் பக்கத்தில் புலம் சுமார் 2 சதவீதம் குறைவு. அந்த 2 சதவீத வித்தியாசம்தான் காகிதத்தைத் தூக்குகிறது. புலம் எங்கும் ஒரே அளவாக இருந்தால், அது எவ்வளவு வலுவாக இருந்தாலும், நடுநிலைப் பொருள் முனைவாகும், திரும்பும், ஆனால் இடம்விட்டு நகராது. பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி இதுதான், இது இல்லாமல் இந்தப் பாடமே நிற்காது என்று நினைக்கிறேன்.

இதனால் இன்னொன்றும் வருகிறது. முனைவாக்கத்தின் அளவும் தூரத்தோடு குறைகிறது, புலத்தின் வித்தியாசமும் குறைகிறது, இரண்டும் பெருகி, ஒரு மின்னூட்டப் புள்ளி ஒரு நடுநிலை அணுவை இழுக்கும் விசை தூரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் விசை 32 மடங்கு. பைப் புள்ளியல்ல, நீளமானது, அதனால் நம் சோதனையில் ஏற்றம் இவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை ஒன்றுமே நடக்காமல் இருந்து, திடீரென்று எல்லாத் துண்டும் சேர்ந்து தாவுவதற்குக் காரணம் இதுதான்.

சோதனை 2: மர ஸ்கேல்

குண்டு பல்பைத் தலைப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, அதன் உச்சியில் ஸ்கேலைச் சமநிலையாகப் படுக்கவையுங்கள். தேய்த்த பைப்பை ஸ்கேலின் ஒரு முனைக்குப் பக்கவாட்டில், தொடாமல், இரண்டு விரல் தூரத்தில் பிடித்தால் ஸ்கேல் பைப்பை நோக்கிச் சுழலும். பைப்பை நகர்த்தினால் பின்தொடரும். நன்றாகக் காய்ந்த மரம் மின்காப்புப் பொருள், அதில் மின்னூட்டம் ஓடிப்போக வழியில்லை, ஆனாலும் திரும்புகிறது.

சோதனை 3: காப்பானையும் கடத்தியையும் பிரித்துக் காட்டுவது

கடத்தியில் நடப்பது வேறு. அங்கே எலக்ட்ரான்கள் அணுவை விட்டு உலோகம் முழுக்க ஓடுகின்றன, மின்னூட்டம் உண்மையிலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது. காப்பானில் ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலேயே இருந்துகொண்டு கொஞ்சம் விலகுகிறது.

அலுமினியத் தாள் துணுக்குகளையும் தெர்மகோல் மணிகளையும் தனித்தனியாகப் பரப்புங்கள். அலுமினியம் தாவி, பைப்பைத் தொட்டவுடன் அதிலிருந்து மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு, ஒரே குறியாகிவிடுவதால் சட்டென்று வீசியெறியப்படும். தெர்மகோல் ஒட்டிக்கொண்டே கிடக்கும், தட்டினால்கூட விழாது. காகிதம் இரண்டுக்கும் நடுவில், ஏனென்றால் அது ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கொஞ்சம் கடத்தும். சிறிது நேரம் ஒட்டியிருந்துவிட்டு உதிரும்.

தெர்மகோலில் ஒரு சிக்கல் உண்டு, கையால் அளைந்தாலே அது மின்னூட்டம் பெற்றுவிடும். அதனால் முன்னதாகப் பைப், பாட்டில் இரண்டையும் காட்டிச் சோதியுங்கள். இரண்டும் இழுத்தால் நடுநிலை, ஏதாவது ஒன்று தள்ளினால் அந்த மணி ஏற்கெனவே மின்னூட்டம் கொண்டது, ஒதுக்கிவிடுங்கள். ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்பதற்கு விலக்கம், அதாவது தள்ளப்படுவதுதான் உறுதியான சான்று, ஈர்ப்பு எதையும் நிரூபிக்காது.

குழாய்த் தண்ணீரின் மெல்லிய தாரையைச் சீப்பு வளைக்கும் சோதனையை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்க அழகுதான், ஆனால் குழாய்த் தண்ணீரில் அயனிகள் இருப்பதால் அது மின்னைக் கடத்துகிறது, தாரையில் மின்னூட்டம் ஓடிச் சேர்வதுதான் அங்கே பெரும்பங்கு. அதைக் காட்டி "நீர் மூலக்கூறுகள் எல்லாம் வரிசையாகத் திரும்பி நிற்கின்றன" என்று சொல்வது இரண்டு வகையில் தப்பு. நீர் மூலக்கூறு பிறவியிலேயே இருமுனை என்பது உண்மை, அதன் திருப்புத்திறன் 6.2 × 10⁻³⁰ கூலும் மீட்டர். ஆனால் அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஆடும் ஆட்டம், புலம் அவற்றைத் திருப்பும் வலுவைவிடப் பெரியது. நீராவியில் அதே 30 லட்சம் வோல்ட் புலத்தைக் கொடுத்தாலும் சராசரியாகத் திரும்பும் அளவு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான். மற்றபடி அவை கண்டபடி சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

சோதனை 4: எண்ணில் பிடிப்பது

1837ல் மைக்கேல் பாரடே என்ற ஆங்கில அறிவியலாளர், ஒரே மாதிரியான கோள மின்தேக்கிகளை (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கருவிகளை) எடுத்து, ஒன்றில் காற்றையும் மற்றதில் கந்தகம், அரக்கு, கண்ணாடி போன்றவற்றையும் வைத்து ஒப்பிட்டு, எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்பதில் நடுவில் இருக்கும் காப்புப் பொருளும் கணக்கில் வருகிறது என்று காட்டினார். அதன் எளிய வடிவம் இது.

அலுமினியத் தாளை 20 × 25 செ.மீ. அளவில் இரண்டாக வெட்டுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வால் விட்டு. பாலித்தீனைச் சுற்றிலும் இரண்டு செ.மீ. பெரிதாக வெட்டுங்கள், தாள்கள் ஓரத்தில் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சோதனையே இல்லை. மர மேஜையில் தாள், பாலித்தீன், தாள் என்று அடுக்கி, வால்கள் எதிரெதிர்ப் பக்கம் நீட்டியிருக்கும்படி வைத்து, மேலே ஒரு பலகையும் தடித்த புத்தகங்களும் ஏற்றுங்கள். மல்டிமீட்டரின் முனைகளை வால்களில் பொருத்துங்கள். இதை வீட்டு மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் இணைக்க வேண்டாம், மல்டிமீட்டருக்குள் இருக்கும் பேட்டரியே போதும்.

400 கேஜ் என்றால் 0.1 மி.மீ. நடுவில் வெற்றிடம் இருந்தால் இந்த அளவுக்கு 4.4 நானோபாரட் வரும். பாலித்தீனின் மின்காப்பு மாறிலி (வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்தேக்குத்திறன் கூடும் என்ற எண்) 2.25 என்பதால் கணக்குப்படி 10 நானோபாரட்டுக்குப் பக்கம் வர வேண்டும். பாலித்தீனின் இரு முகங்களிலும் முனைவாக்கத்தால் தோன்றும் மின்னூட்டம் உள்ளே இருக்கும் புலத்தை 2.25 மடங்கு குறைக்கிறது, அதே மின்னூட்டத்துக்கு வோல்ட் குறைகிறது, ஆக ஒரு வோல்ட்டுக்குத் தேங்கும் மின்னூட்டம் கூடுகிறது.

ஆனால் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். சுருக்கங்களில் காற்று மாட்டியிருக்கிறது, காற்றின் மாறிலி 1.0006தான். பலகையின் மேல் கையை வைத்து அழுத்திப் பாருங்கள், எண் ஏறும், எடுத்தால் இறங்கும். மர ஸ்கேலை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி அளங்கள்.

அடுத்து பாலித்தீனை இரண்டு அடுக்கு, நான்கு அடுக்கு என்று கூட்டுங்கள். மின்தேக்குத்திறன் ஏறக்குறைய பாதி, கால் என்று இறங்க வேண்டும். அடுக்கின் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும், ஒன்றை மின்தேக்குத்திறனால் வகுத்த மதிப்பைக் குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு, பரப்பு, ஒரு ஷீட்டின் தடிமன், வெற்றிடத்தின் விடுதிறன் எனப்படும் மாறா எண்ணான 8.85 × 10⁻¹² ஆகியவற்றிலிருந்து மாறிலியை நீங்களே எடுத்துவிடலாம். தடிமனைக் கடைக்காரர் சொன்னதை வைத்துப் போடாமல், பள்ளியில் திருகு அளவி இருந்தால் ஷீட்டைப் பத்து அடுக்காக வைத்து அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மாறிலி 2.25ஐவிடக் கொஞ்சம் குறைவாக வந்தால் அடுக்குகளுக்கு நடுவே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் இரண்டு புத்தகம் ஏற்றுங்கள். நிறையக் கூடுதலாக வந்தால் ஷீட்டைத் துடைத்துக் காயவைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள், அநேகமாக ஈரம் கடத்திக்கொண்டிருக்கிறது.