என்ஜின் மேலே வருமா, கீழே இறங்குமா? லிஃப்ட் வாங்கும் முன்

பட்டறையில் எல்லோரும் "என்ஜினை இறக்க வேண்டும்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் என்ஜின் இறங்குவதில்லை. பானட்டையும் ரேடியேட்டரையும் கழற்றினால் மேல்வழியாகத்தான் வெளியே வருகிறது. மாருதி ஆம்னியில் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் என்ஜின் உண்மையிலேயே கீழே இறங்குகிறது; பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் வண்டியின் பின்புறத்தில் இறங்குகிறது. வீட்டு ஷெட்டுக்குக் காரைத் தூக்கும் லிஃப்ட் தேடுகிறவர்கள் பலர் இதைப் பார்க்காமல் நேரே விலைப்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

மேல்வழியாக எடுப்பதற்குக் கார் லிஃப்ட் தேவையே இல்லை. சொல்லப்போனால் அது இடைஞ்சல். என்ஜினின் அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் முன்பக்கத் தகட்டைத் தாண்டினால்தான் என்ஜின் வெளியே வரும். காரை ஓரடி உயர்த்திவிட்டால் என்ஜினையும் கூடுதலாக ஓரடி தூக்கியாக வேண்டும். கியர்பாக்ஸ் போல்ட்டுகளை அடியிலிருந்து கழற்றும் அளவுக்கு வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்திக்கொண்டு, மடக்கு கிரேன் ஒன்றை வாங்கிவிட்டால் அம்பாசடர்க்காரர்களுக்கு வேலை முடிந்தது. கிரேனில் 'இரண்டு டன்' என்று எழுதியிருப்பதை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. அது, அதன் கை முழுக்க உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்போது தாங்கும் எடை. கையிலுள்ள துளைகளில் கடைசித் துளை வரை நீட்டினால் அதே கிரேன் பெரும்பாலும் அரை டன்தான் தாங்கும். நீண்ட மூக்குள்ள வண்டிக்கு அந்தக் கடைசித் துளைதான் வேண்டியிருக்கும். அம்பாசடர் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே அரை டன்னுக்குள் அடங்கிவிடும் என்பதால் கவலையில்லை.

கிரேன் செலவை மிச்சம் பிடிக்க, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைப் போர்டிகோ கூரைக் கொக்கியில் மாட்டுகிறவர்கள் உண்டு. செயின் பிளாக்கின் மேல் 'ஒரு டன்' என்று பொறித்திருப்பது செயின் பிளாக்கைப் பற்றிய செய்தி; கொக்கியைப் பற்றியது அல்ல. அந்தக் கொக்கி மின்விசிறிக்காகவோ ஊஞ்சலுக்காகவோ போடப்பட்டது. கூரையும் ஒரே புள்ளியில் என்ஜின் தொங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டதல்ல.

கீழ்வழியாக இறக்கும் வண்டிகளுக்குத்தான் லிஃப்ட் உண்மையில் உதவுகிறது. என்ஜினை ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டு, காரின் உடலை அதன் மேலிருந்து தூக்கிவிடலாம். இதற்கு, இருபுறத் தூண்களிலிருந்து நீளும் கைகளால் உடலைத் தாங்கித் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட்தான் ஏற்றது. நான்கு தூண் லிஃப்ட் நிறுத்தி வைக்க அருமையானது. ஆனால் இருபுற ஓடுபாதைகளும் குறுக்குச் சட்டங்களும் என்ஜின் மேசையைச் சுதந்திரமாக நகர விடாது. சக்கரங்களும் ஓடுபாதையிலேயே நிற்பதால், என்ஜினைச் சப்ஃபிரேமோடு (என்ஜினையும் முன்சக்கர அமைப்பையும் தாங்கும் சட்டம்) சேர்த்து இறக்க முடியாது. கத்தரிக்கோல் லிஃப்ட்டில் இயந்திரமே வண்டியின் நடுவயிற்றை அடைத்துக்கொள்கிறது. கூரை தாழ்வான ஷெட்டுக்கு, தூண்களை இணைக்கும் குழாயும் கம்பியும் தரையோடு போகும் வகையை வாங்குவார்கள். அவற்றை மூடும் தகடு தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலெழும்பி நிற்கும். என்ஜின் ஏற்றிய மேசையின் சிறு சக்கரம் அதில் முட்டி நிற்கும்போதுதான் அந்த ஓர் அங்குலத்தின் அருமை தெரியும்.

நான் மிகவும் அஞ்சுவது எடை இடம்பெயர்வதை. முன் என்ஜின், முன்சக்கர ஓட்டம் உள்ள காரில் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்பக்கம். அதற்கேற்பத் தராசுபோல் நிறுத்திவிட்டு என்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றினால், பின்பக்கம் திடீரெனக் கனத்து வண்டி பின்னால் சாயும். பீட்டிலில் இதுவே தலைகீழாக நடக்கும். கடைசி போல்ட்டைத் தொடும் முன்பே, கனக்கப் போகும் பக்கத்தின் கீழ் உயரமான ஸ்டாண்டை வைத்து, உடலை லிஃப்ட்டின் கைகளோடு பட்டையால் கட்டிவிட வேண்டும். பழைய வண்டியில் துருவையும் பாருங்கள். கதவுக்கு அடியிலுள்ள ஓரச்சட்டம் பெயின்ட் பூச்சில் பளபளக்கும்; சுத்தியல் கைப்பிடியால் தட்டினால் மொத்தென்று மண் தட்டிய சத்தம் வரும். அங்கே லிஃப்ட்டின் கையை வைத்தால் அது நேரே உள்ளே புகுந்துவிடும்.

தரையை யாரும் கேட்பதில்லை. இரண்டு தூண் லிஃப்ட்டுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறைந்தது 4 அங்குலக் கனமும், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு வலிமையும் உள்ள கான்கிரீட் கேட்பார்கள். நம் வீட்டுப் போர்டிகோ பெரும்பாலும் கிராவல் நிரப்பி, மேலே மெல்லிய ஜல்லிக் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டியது. தூணைத் தரையோடு இறுக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. தூண் வரும் இடத்தை உடைத்து, எம்-25 தரத்தில் தனியாகக் கான்கிரீட் போட்டு, 28 நாள் விட்டுப் போல்ட் அடியுங்கள். மின்சாரம் சிறிய விஷயம்: மோட்டார் மும்முனையா ஒருமுனையா என்று முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: இறக்கிய என்ஜின் போரிங் செய்ய (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்க) லேத் பட்டறைக்குப் போனால் சொன்ன நாளில் திரும்பாது. சப்ஃபிரேமும் முன்சக்கரங்களும் இல்லாத உடல் அதுவரை லிஃப்ட்டில்தான் இருக்க வேண்டும். அதை ஹைட்ராலிக் எண்ணெயின் பொறுப்பில் விடாமல், இரு தூண்களிலும் பூட்டு விழும் 'டக்' சத்தம் கேட்கும் வரை உயர்த்தி, பிறகு சற்றே தாழ்த்திப் பூட்டின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.