குறைவாகச் சாப்பிடும் ஒல்லி நாயின் எடையைக் கூட்டுவது எப்படி?

எங்கள் செவலை, சிப்பிப்பாறை இனத்துப் பெண் நாய், வயது இரண்டரை. சென்ற ஆடி மாதத்தில் அதன் எடை 14.2 கிலோவாக இறங்கியிருந்தது. நான்கு வாய் தின்றதும் தட்டை விட்டு நகர்ந்துவிடும். "நாய்க்குச் சோறு போடுவதே இல்லையா?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. பதினோரு வாரங்களில் அது 16.6 கிலோவுக்கு வந்த வழியைக் கீழே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நாய் உண்மையிலேயே இளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களில் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் இயல்பு. முதுகெலும்பின் முடிச்சுகளும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, தொடைச் சதையும் வற்றியிருந்தால் அது இளைப்புதான். கால்நடை மருத்துவர்கள் இதை 9 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுவார்கள். பெரும்பாலான நாய்களுக்கு 4 அல்லது 5 சரியான நிலை. செவலைக்குக் கிடைத்தது 3.

அடுத்தது மருத்துவரிடம் செல்வது. இதைத் தாண்டிச் செல்ல வேண்டாம். குடற்புழு, உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு, பல் வலி ஆகிய எதுவானாலும் நாய் சாப்பாட்டைக் குறைக்கும். ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பூச்சி மருந்தை நாயின் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், கடையில் கேட்டு வாங்கி உத்தேசமாகப் போடுவதில் பயனில்லை. டானிக் பாட்டில்களின் மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு பாட்டில் தீர்ந்தும் செவலையின் எடையில் நூறு கிராம்கூட ஏறவில்லை.

பின்னர் கணக்கு. நாய் எட்ட வேண்டிய எடையை 30 ஆல் பெருக்கி 70 ஐக் கூட்டினால், அது சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் கலோரி ஏறத்தாழக் கிடைக்கும். கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு அதை 1.6 ஆல் பெருக்க வேண்டும். செவலைக்கு இலக்கு 17 கிலோ என்பதால் முதலில் 580, பிறகு ஏறத்தாழ 930 கலோரி வந்தது. அது அப்போது தின்றுகொண்டிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் 450ஐத் தாண்டவில்லை.

நான் பல வாரங்கள் தடுக்கி நின்ற இடம் இதற்கடுத்த படிதான். நாய் இளைக்கிறதே என்று தயிர்சாதத்தை மேலும் குழைத்து, மேலும் மோர் விட்டு, தட்டு நிறைய வைத்தேன். அது மேலே மிதந்த தயிரை மட்டும் நக்கிவிட்டுப் போய்விடும். மிச்சச் சோறு மதியத்துக்குள் தட்டின் ஓரத்தில் காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடக்கும். 100 கிராம் சோற்றில் 130 கலோரி இருக்கிறது. அதே அளவு மோரை விட்டுக் கரைத்தால், சிறிய வயிற்றை நிரப்பும் 200 கிராமில் 170 கலோரிகூடத் தேறாது. நூறு கிராம் உலர் தீவனத்திலோ 350 முதல் 400 கலோரி வரை இருக்கும். ஆகவே பசி குறைந்த நாய்க்குத் தட்டின் அளவைக் கூட்டாமல், அதில் உள்ள தண்ணீரைக் குறைக்க வேண்டும். குடிநீரைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள்.

இப்போது செவலையின் ஒரு நாள் உணவு: குட்டிகளுக்கான உலர் தீவனம் 190 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழித் தொடைக்கறி 80 கிராம். வளர்ந்த நாய்க்குக் குட்டித் தீவனம் எதற்கு என்றால், அதில் கொழுப்பும் புரதமும் கூடுதல். சிறுநீரகம் அல்லது கணையத்தில் கோளாறுள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள். தம்ளரால் அளப்பதை விட்டுவிட்டு, சமையலறைத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரே தம்ளரில் நான் அளந்ததும் அம்மா அளந்ததும் 30 கிராம் வேறுபட்டன. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பதால், சாம்பார் சாதமும் குழம்பு ஊற்றிய கறியும் கூடாது.

கொழுப்பைச் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். கலோரி கணக்கைப் பார்த்த உற்சாகத்தில், ஒரே நாளில் இரண்டு மேசைக்கரண்டி நெய்யை ஊற்றினேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் 400 கிராம் எடை போயிற்று. திடீரெனக் கொழுப்பு மிகுந்தால் கணைய அழற்சிகூட வரலாம். புதிய உணவை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழையதோடு கலந்து மாற்றினேன். பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு கூட்டி, மலம் கெட்டியாக இருந்தால் மட்டுமே அடுத்த கூட்டலுக்குப் போனேன்.

வைக்கும் முறையும் முக்கியம். நாளுக்கு மூன்று வேளை. வெயில் காலத்தில் காலை ஆறரைக்கு முன்பும், பொழுது சாய்ந்த பிறகும், இரவு பத்து மணிக்கும். கறியை மணிக்கட்டில் வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் அளவுக்குச் சூடாக்கினால் மணம் எழும்பி நாயை இழுக்கும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க எதையும் தொடாத நாயைப் பிடிவாதக்காரி என்று எண்ணாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இடையில் யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மா காலைக் காப்பியோடு நான்கு பிஸ்கட்டுகளைக் கொடுத்துவந்தது எனக்கு மூன்றாம் வாரத்தில்தான் தெரிந்தது.

எடையை வாரம் ஒரு முறை, காலை உணவுக்கு முன், நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறியுங்கள். வாரத்துக்கு 200 கிராம் கூடினால் இந்த அளவு நாய்க்குப் போதும்.

பின்னர் சேர்த்தது: தம் நாய் வயிறார உண்டும் இளைக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த முறை அதற்குப் பொருந்தாது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, அளவில் மிகுந்திருந்தால் கணையம் செரிமான நொதிகளைப் போதிய அளவு சுரக்காமல் இருக்கலாம். மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, நாயோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.