ஸ்விஃப்டில் ஆப்ஷனலும் குளோஷரும்: என் அனுபவம்

ஹட்டனில் தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்குக்காக, ஆப்பிளின் ஸ்விஃப்ட் நிரல்மொழியில் நான் எழுதும் ஐபோன் செயலியில், தட்டச்சு செய்த எடையை டபுள் (தசம) எண்ணாக மாற்றி நாள் மொத்தத்துடன் கூட்டும் வரியைக் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழியாக்கும் மென்பொருள்) ஏற்கவில்லை. பெட்டி வெறுமையாக இருந்தால் அந்த மாற்றம் நில் (nil, அதாவது மதிப்பின்மை) தரும் என்பதால் விடை எப்போதும் ஆப்ஷனலே, அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் எனும் வகை. ஆச்சரியக்குறி இட்டு மதிப்பைக் கட்டாயமாக எடுத்தால் பிழை மறையும். ஆனால் நிறுக்கும் நேரத்தில் செயலி நின்றுவிடக்கூடும். இரட்டைக் கேள்விக்குறி இட்டு, மதிப்பு இல்லாதபோது பூச்சியம் கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை, ஏனெனில் எழுதப்படாத எடை பூச்சியமாகப் பதிந்தால் ஒரு தொழிலாளியின் கூலி குறையும். ஆகவே கார்ட் லெட் (guard let) எனும் சோதனை கொண்டு மதிப்பைப் பிரித்தெடுத்து, மதிப்பு இல்லையெனில் மீண்டும் கேட்கச் செய்தேன்.

பதிவேற்றம் முடிந்ததும் இயங்கும் குளோஷரிலோ (பின்னர் இயக்கக் கொடுத்துவைக்கும் நிரல்துண்டு), செல்ஃபை (self, அந்நிரலைக் கொண்ட பொருள் தன்னையே குறிக்கும் சொல்) வெளிப்படையாக எழுதுமாறு கம்பைலர் கேட்டது. சதுர அடைப்புக்குள் வீக் செல்ஃப் (weak self, செல்ஃபை நினைவகத்தில் பிடித்துவைக்காத குறிப்பு) என்று எழுதினால் செல்ஃபும் ஆப்ஷனலாகிவிடுவதால், குளோஷரின் முதல் வரியிலேயே கார்ட் லெட் செல்ஃப் இட்டேன்; '= self' என்று மீண்டும் எழுதாத இச்சுருக்க வடிவம் ஸ்விஃப்ட் 5.7 முதல் செல்லும்.